பழைய ஸ்டுடியோ மானிட்டர்ல பிஎஸ்2: விலைக்கு முன்னாடி பின்பக்கத்தைப் பாருங்க

என் வீடியோக்கள்ல பின்னாடி தெரியுற அந்தக் கனமான பெட்டி டிவி இல்ல, சோனி பிவிஎம். டிவி ஸ்டுடியோ, எடிட்டிங் சூட்ல வேலைக்கு வச்சிருந்த சிஆர்டி மானிட்டர். மூடப்போன ஒரு எடிட்டிங் சூட்ல 8,000 ரூபாய்க்கு வாங்கினேன், பழைய பிஎஸ்2 ஆடறதுக்காக. ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் கொடுக்குற நான், இதுக்குப் போடல.

டெம்போ 900. அவசரப்பட்டு ஆர்டர் பண்ண ஸ்கார்ட் கேபிள் 1,600. வீட்டுக்கு வந்து பார்த்தா மானிட்டர்ல ஸ்கார்ட் சாக்கெட்டே கிடையாது. அப்புறம் காம்பொனென்ட் கேபிள் 1,100, மூணு பிஎன்சி அடாப்டர் 150. மொத்தம் 11,750. சொன்ன விலையை விட 47 சதவீதம் கூட. அதுல 1,600 சுத்த நஷ்டம்.

அதனால காசு கொடுக்கறதுக்கு முன்னாடி மானிட்டரோட பின்பக்க போட்டோ கேளுங்க. இந்த மானிட்டர்கள்ல வீடியோவுக்கு இருக்கிறது பிஎன்சி சாக்கெட், செருகித் திருகிப் பூட்டுற வகை. சில மாடல்ல காம்போசிட் மட்டும்தான் இருக்கும், படம் மங்கலாத்தான் வரும். இதுக்குப் பெரிய அண்ணனான சோனி BVM ரகத்துலயோ, பல மாடல்ல இன்புட் கார்டு தனியா வரும். கார்டு இல்லாம சீப்பா வித்தா ஏமாறாதீங்க. வோல்டேஜ் லேபிளையும் படிங்க. 120 வோல்ட் மட்டும்னு இருந்தா நம்ம 230-க்கு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர், இன்னொரு செலவு.

கனெக்ட் பண்றது சுலபம். கேபிளோட பச்சை, நீலம், சிவப்பு மூணு முனையிலயும் அடாப்டர் மாட்டி, மானிட்டர்ல ஜி, பி, ஆர்னு போட்டிருக்கிற இன்புட்ல முறையே செருகுங்க. மானிட்டரை காம்பொனென்ட்டுக்கு மாத்துங்க. பிஎஸ்2 சிஸ்டம் செட்டிங்லயும் ஆர்ஜிபி இல்லாம காம்பொனென்ட் இருக்கணும், இல்லன்னா கலர் கன்னாபின்னான்னு வரும். இதை முதல்ல சாதாரண மஞ்சள் கேபிள்ல போட்டு மாத்திட்டு வந்துடுங்க.

படம் உருண்டுகிட்டே இருந்தா கேபிளைத் திட்டாதீங்க. எக்ஸ்டர்னல் சிங்க் பட்டனை ஆஃப் பண்ணுங்க; காம்பொனென்ட்ல சிங்க் பச்சை வயர்லயே வந்துடுது. ரொம்ப வெளுத்துத் தெரிஞ்சா 75 ஓம் டெர்மினேஷன் ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. சில கேம் 480பி ஆப்ஷன் கேட்கும், வேண்டாம்னு சொல்லுங்க. 15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டர் அதைக் காட்டாது.

மூடியை மட்டும் கழட்டாதீங்க. ஆஃப் பண்ணினாலும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். டியூப் போச்சுன்னா கடையில புதுசு கிடைக்காது, வாரண்டியும் இல்ல. அதனால கடன் வாங்கி இதை வாங்காதீங்க, மாசச் செலவுல பொழுதுபோக்குக்கு ஒதுக்கினதுல இருந்து எடுங்க. என்னோட அந்த ஸ்கார்ட் கேபிள் இன்னும் டப்பாவுலதான் கிடக்கு, யாருக்காவது வேணும்னா 800-க்குத் தர்றேன்.