60,000 ரூபாய் கேமராவுக்கு முன்னாடி ஒரு 20 ரூபாய் நோட்டு வாங்குங்க!



போன வருஷத் தொடக்கத்துல நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்ட தம்பிக்கு வயசு 24. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை. பிடித்தம் எல்லாம் போக கைக்கு 24,000 ரூபாய் வருது. சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரை.

"அண்ணா, 60,000 ரூபாய்க்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா பார்த்து வெச்சிருக்கேன். நோ காஸ்ட் இ.எம்.ஐ., மாசம் 5,000. வாங்கலாமா?"

வழக்கமா இந்த மாதிரி கேள்விக்கு "இப்போதைக்கு வேணாம் தம்பி"ன்னு முடிச்சிடுவேன். ஆனா கீழே இன்னொரு வரி எழுதியிருந்தார். "அப்பா இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் படகுல போவார்ண்ணா. அதுக்குள்ள எடுத்து வைக்கணும்."

ஆசைக்கு வாங்குற பொருள்னா தள்ளிப் போடச் சொல்லலாம். இதைத் தள்ளிப் போட முடியாது. அதனால ரெண்டு பேரும் சேர்ந்து முறையா ஒரு கணக்குப் போட்டோம். அதே கணக்கை இன்னைக்கு உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன்

சி.ஏ. முடிச்சு முதல் வேலைக்குப் போன சூட்டோட 46,000 ரூபாய்க்கு ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கினேன். பை, டிரைபாட், மெமரி கார்டுன்னு இன்னொரு 6,000. மொத்தம் 52,000. மூணு வருஷம் கழிச்சு 17,000-க்கு வித்தேன். ஆக எனக்கு ஆன நிகரச் செலவு 35,000.

அந்த மூணு வருஷத்துல அதை வெளியே எடுத்தது மொத்தமே 14 நாள். வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 2,500 ரூபாய்! வாடகைக்கு எடுத்திருந்தாக்கூட இதைவிடக் கம்மியா முடிஞ்சிருக்கும். கேமரா மேல ஒரு குறையும் இல்ல. அது கனம். ஆபீஸ் பையில வைக்க முடியல. அதனால அலமாரியிலேயே தூங்குச்சு.

அப்புறம் சட்டைப் பையில அடங்குற காம்பாக்ட் ஒண்ணு, பழசு, 28,000-க்கு வாங்கினேன். பேட்டரி, கார்டுக்கு 3,000. சென்ட்ரல்-கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல ஆடிட்டுக்குப் போகும்போதெல்லாம் கூடவே வந்தது. நாலு வருஷத்துல குறைஞ்சது 500 நாள் பயன்படுத்தியிருப்பேன். நாளைக்கு அதை யாருக்காவது சும்மா தூக்கிக் கொடுத்தாக்கூட, ஒரு நாள் செலவு 62 ரூபாய்தான்.

இதுதான் முதல் பாடம். கேமராவோட விலை பில்லுல இருக்குற தொகை இல்ல. வாங்கின விலையும் துணைச் செலவும் கூட்டி, வித்த விலையைக் கழிச்சு, பயன்படுத்தின நாட்களால வகுத்தா வர்றதுதான் உண்மையான விலை.

60 நாள் நோட்டு

தம்பிகிட்ட நான் சொன்னது இதுதான்: "20 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் நோட்டு வாங்குங்க. 60 நாள் போன்லயே படம் எடுங்க. போன் உங்களை ஏமாத்துற ஒவ்வொரு தடவையும், ஏன்னு ஒரே வார்த்தை எழுதுங்க. தூரம், இருட்டு, அசைவு, வேற. அவ்வளவுதான்."

அவர் முதல்ல பார்த்து வெச்சிருந்தது பெரிய ஜூம் கேமரா. பழவேற்காட்டுக்காரர் ஆச்சே, குளிர்காலத்துல வர்ற பூநாரைகளை எடுக்கணும்னு ஆசை. 60 நாள் கழிச்சு நோட்டை எண்ணிப் பார்த்தா மொத்தம் 41 வரி. இருட்டு 22, அசைவு 9, தூரம் 6, வேற 4.

காரணம் சிம்பிள். அப்பா படகை எடுக்குறது விடியறதுக்கு முன்னாடி. இவர் ஷிப்ட் முடிஞ்சு வர்றது ராத்திரி. இவரோட வாழ்க்கையே இருட்டுலதான் நடக்குது. அந்த ஜூம் கேமராவை வாங்கியிருந்தா, எதுக்காக வாங்கினாரோ அந்த இடத்துலயே அது கைவிட்டிருக்கும். ஏன்னு பார்க்கலாம் வாங்க.

மெகாபிக்சலைப் பார்க்காதீங்க, சென்சாரைப் பாருங்க

மழையில ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வெச்சா எதுல அதிகத் தண்ணி சேரும்? சென்சாரும் அப்படித்தான். பரப்பளவு பெருசா இருந்தா அதிக வெளிச்சம் பிடிக்கும்.

- பாக்கெட் ஜூம் கேமராக்கள் பலதுல இருக்குற 1/2.3 இன்ச் சென்சார்: சுமார் 28 சதுர மிமீ
- நடுத்தர விலை போன்கள்: சுமார் 30 முதல் 50 சதுர மிமீ
- 1 இன்ச் சென்சார் காம்பாக்ட்: சுமார் 116 சதுர மிமீ
- ஏ.பி.எஸ்.-சி சென்சார்: சுமார் 370 சதுர மிமீ

கவனிச்சீங்களா? பெரிய ஜூம் இருக்குற பல காம்பாக்ட்களோட சென்சார், உங்க போனைவிடச் சின்னது! பகல்ல தூரத்துல இருக்குறதை எடுக்க அது அருமை. இருட்டுல போனே ஜெயிக்கும். ஆன்லைன்ல மலிவா "64 மெகாபிக்சல், 16எக்ஸ் டிஜிட்டல் ஜூம்"னு வர்ற பேர் தெரியாத கேமராக்கள் பக்கமே போகாதீங்க. டிஜிட்டல் ஜூம்ங்கிறது படத்தை வெட்டிப் பெருசாக்குறது மட்டும்தான். ஆப்டிகல் ஜூம் எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க.

"போன்ல நைட் மோட் இருக்கே?" இருக்கு. ஆனா அது பல படங்களை எடுத்து ஒண்ணாச் சேர்க்குது. கோயில் கோபுரத்துக்குச் சரி. வலையை இழுக்குற மனுஷனுக்கு ஒத்து வராது, கை கலங்கிடும்.

நோட்டு என்ன சொல்லுதோ, அதை வாங்குங்க

*தூரம் அதிகமா வந்தா:* கேனான் எஸ்எக்ஸ்740 மாதிரி 40எக்ஸ் ஜூம் காம்பாக்ட். லென்ஸ் 24-லிருந்து 960 மிமீ வரைக்கும் போகும். பூநாரைக் கூட்டம் ஏரியில ரொம்ப உள்ளே நிக்கும், கிட்டப் போய் கலைக்கவும் கூடாது. அங்க இந்த நீளம் வேணும்.

*இருட்டும் அசைவும் வந்தா:* 1 இன்ச் சென்சார், எஃப் 1.8-ல தொடங்குற லென்ஸ். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3, சோனி இசட்வி-1 இந்த வகை. 2012-ல வந்த சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடலும் இதே வகைதான், பழைய சந்தையில கிடைக்கும்.

*ஜூமே தேவைப்படலன்னா:* ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 6 மாதிரி ஏ.பி.எஸ்.-சி காம்பாக்ட். தரம் பிரமாதம், விலை அதுக்கு மேல. 24,000 சம்பளத்துல இது வேணாம்.

*நோட்டுல பத்து வரிகூட வரலன்னா:* சந்தோஷம். உங்க போனே போதும். காசு மிச்சம்.

விலை ஏன் இவ்வளவு?

2010-ல உலகம் முழுக்க 10 கோடிக்கும் அதிகமான காம்பாக்ட் கேமராக்கள் கம்பெனிகள்லேர்ந்து வெளியே போச்சு. 2023-ல அது 20 லட்சத்துக்கும் கீழே. சந்தையைப் போன் சாப்பிட்டுடுச்சு. மலிவு மாடல்களைக் கம்பெனிகள் நிறுத்திட்டாங்க, மிச்சம் இருக்குறது விலை அதிகமானது.

வரியும் இருக்கு. டிஜிட்டல் கேமராவுக்கு 28% இருந்த ஜி.எஸ்.டி., 2019 ஜனவரி 1-லிருந்து 18% ஆச்சு. அப்படியும் 60,000 ரூபாய் பில்லுல சுமார் 9,150 ரூபாய் வரிதான்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில காஸ்ட் எங்க ஒளிஞ்சிருக்கு?

60,000 ரூபாய், 12 மாசம், மாசம் 5,000. பேங்க் வட்டி 15%ன்னு வெச்சுக்கலாம். அப்போ கடன் அசல் சுமார் 55,400, வட்டி சுமார் 4,600. இந்த வட்டியைத் தள்ளுபடின்னு முன்னாடியே கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. நீங்கதான் கட்டணும், அது சுமார் 830. ப்ராசஸிங் ஃபீ 199ன்னா வரியோட 235. மொத்தம் சுமார் 1,065 ரூபாய் கூடுதல். முழுப் பணம் கட்டினா கிடைச்சிருக்குற தள்ளுபடியும் பல இடத்துல போயிடும். பூஜ்ய வட்டிங்கிற பேர்ல வட்டி மறைஞ்சிருக்குன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சுட்டிக் காட்டியிருக்கு.

"ஆயிரம் ரூபாய்தானேண்ணா?" சரி. ஆனா மாசம் 5,000ங்கிறது 24,000 சம்பளத்துல 21%. கான்ட்ராக்ட் புதுப்பிக்கலன்னா? கார்டு பாக்கியை விட்டா மாசம் 3.5%, அதாவது வருஷத்துக்கு 42% வட்டி. பயப்பட வேண்டியது அந்த ஆயிரத்துக்கு இல்ல, இதுக்குத்தான்.

என் ரூல் மூணு:

1. அவசர நிதி முதல்ல. மூணு மாசச் செலவு தனியா இருக்கணும். கான்ட்ராக்ட் வேலைன்னா ஆறு மாசத்துக்கு இருந்தா நல்லது.
2. எல்லாச் சாமானும் சேர்த்து கேமராச் செலவு, கைக்கு வர்ற ஒரு மாசச் சம்பளத்தை ஒட்டி நிக்கணும்.
3. அந்த இ.எம்.ஐ. தொகையை உங்களுக்கே கட்டுங்க. ஆர்.டி. போடுங்க. கட்ட முடியலன்னா, கடனா வாங்கியிருந்தாலும் கட்டியிருக்க முடியாதுன்னு இப்பவே தெரிஞ்சிடும்.

வரிக் கழிவு கிடைக்குமான்னு சிலர் கேப்பீங்க. சம்பளக்காரருக்கு நிலையான கழிவைத் தவிர கேமராவுக்குன்னு தனியா எதுவும் கிடையாது. லீவு நாள்ல கல்யாண ஆர்டர் எடுத்துச் சம்பாதிச்சா, அந்த வருமானத்தைக் கணக்குல காட்டணும். அப்போ கேமராவுக்கு வருஷம் 15% தேய்மானம் கழிக்கலாம். அதுக்காகவாவது பில்லைப் பத்திரமா வைங்க.

பழசு வாங்கும்போது

- லென்ஸ் வெளியே வந்து உள்ளே போறப்போ கரகர சத்தம் வந்தா வேணாம்.
- வெள்ளைச் சுவரை எஃப் 8-ல எடுத்து, படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. கறுப்புப் புள்ளி தெரிஞ்சா உள்ளே தூசி. பிரிச்சாத்தான் சுத்தம் செய்ய முடியும்.
- பில்லுல இருக்குற சீரியல் நம்பரும் கேமராவுல இருக்குறதும் ஒண்ணான்னு பாருங்க.
- புதுசுன்னு சொல்லி வித்தா, பெட்டியில இறக்குமதியாளர் பேரும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்டிருக்கணும். இல்லன்னா இந்திய வாரண்டி சந்தேகம்தான்.

வாங்கின பிறகு

ஆட்டோவுலேயே விட்டுடாதீங்க, போனுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்குள்ள ஆள் படம்னா ஷட்டர் 1/125. நடமாட்டம் இருந்தா 1/250. பறக்குற பறவைக்கு 1/1000. ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, 1 இன்ச் சென்சாருக்கு உச்சவரம்பு 3200. ஏரித் தண்ணி பளபளன்னு இருக்கும்போது முகம் கறுத்துப் போகும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுங்க.

நம்ம பக்கம் ரெண்டு எதிரி. ஒண்ணு ஆலைத் தூசி, இன்னொண்ணு உப்புக் காத்து. பெரும்பாலான காம்பாக்ட்களுக்கு இதுக்கெல்லாம் பாதுகாப்பு கிடையாது. ஜிப் பையில சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க. ஒரு சார்ஜுக்கு 200, 300 படம்தான் வரும், இன்னொரு பேட்டரி அவசியம். படங்களுக்கு ரெண்டு காப்பி இருக்கணும், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே.

முக்கியமா, ஃபேக்டரிக்குள்ள கேமராவைக் கொண்டு போகாதீங்க. கேட்ல கொடுத்துட்டுப் போங்க. அனல் மின் நிலையம், துறைமுகம் பக்கமும் அனுமதி இல்லாம எடுக்காதீங்க. ஒரு படத்துக்காக வேலையைத் தொலைக்கக் கூடாது.

பழகுறதுக்கு இடம் தேடி அலைய வேணாம். பொன்னேரியில இறங்கி பஸ் பிடிச்சா பழவேற்காடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசல்ல செதுக்கியிருக்குற எலும்புக்கூடு, மீன் ஏலம், படகுத்துறை. ஒரு காலைப் பொழுது போதும்.

தம்பி என்ன பண்ணினார்?

வீட்டுல இருந்தே வேலைக்குப் போறதால மாசச் செலவு 12,000-க்குள்ள. அவசர நிதியா 40,000 ஏற்கெனவே வெச்சிருந்தார், மூணு மாசத்துக்குத் தாராளம். மாசம் 5,000 ஆர்.டி. போட்டார். ஆறாவது மாசம் பழைய 1 இன்ச் காம்பாக்ட் ஒண்ணு 24,000-க்கு, பேட்டரி, கார்டோட 26,500. கடன் ஒரு ரூபாய் இல்ல. அந்த ஆறு மாசமும் போன்ல எடுக்குறதை நிறுத்தவும் இல்ல. அப்பாவோட நாட்கள் ஆர்.டி. முதிர்வுக்காகக் காத்திருக்காதுல்ல.

போன மாசம் ஒரு படம் அனுப்பினார். விடியறதுக்கு முன்னாடி, படகு ஓரத்துல உட்கார்ந்து அப்பா வலையைப் பிரிக்கிறார். வெளிச்சம் ஒரே ஒரு டார்ச். படம் கொஞ்சம் சாஞ்சுதான் இருக்கு. ஆனா விரல் ஒவ்வொண்ணும் தெளிவாத் தெரியுது.

இன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில அந்த 20 ரூபாய் நோட்டை வாங்கிடுங்க. அடுத்த வீடியோவுல ஆர்.டி.யா, லிக்விட் ஃபண்டான்னு பார்க்கலாம்.