ஒரு சாலைக்கு ஒரு படம்

மாணவர்களே, இப்படி ஒரு சூழலைக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் பள்ளியில் இந்திய நெடுஞ்சாலைகளைப் பற்றிய கண்காட்சி நடைபெறவுள்ளது. மத்தியப் பிரதேசத்தின் சிவனி நகரத்திற்கும் மகாராட்டிரத்தின் நாக்பூருக்கும் இடைப்பட்ட சாலை உங்கள் வகுப்பின் பங்கு. பலகையில் ஒரே ஓர் ஒளிப்படத்திற்குத்தான் இடம் உண்டு. மேசைமீது ஐந்து படங்கள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

‘அழகான படத்தை’ என்று உடனே சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். முதலில் அந்தச் சாலையை அறிந்துகொள்வோம்.

ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலைப்பகுதி, காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைச் சேர்ந்தது. இதே சாலைதான் கிருட்டிணகிரி, சேலம், மதுரை வழியாகத் தென்முனையை அடைகிறது. சிவனியைக் கடந்து தெற்கே செல்லும்போது இருபுறமும் தேக்கங்காடு சூழ்கிறது. இது பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு. ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங், 1894இல் வெளிவந்த தம் ‘காட்டுப் புத்தக’க் கதைகளில் மௌக்லி என்னும் சிறுவனை உலவவிட்டது இந்தச் சிவனிக் குன்றுகளில்தான்.

பெஞ்ச் காட்டையும் அதற்குக் கிழக்கே உள்ள கானா, நாக்சிரா காடுகளையும் இணைக்கும் வழிகளை இச்சாலை குறுக்கே வெட்டுகிறது. சாலை குறுகலாக இருந்த காலத்தில் விலங்குகள் ஒருவாறு கடந்து வந்தன. அதனை நான்கு வழிச்சாலையாக அகலப்படுத்த முற்பட்டபோது வழக்குகள் எழுந்தன. பணி பல ஆண்டுகள் தடைப்பட்டது. முடிவில், காட்டின் சில இடங்களில் சாலையைத் தூண்கள்மீது உயர்த்தி, அதன்கீழ் விலங்குகள் நடந்து செல்ல இடம் விட்டனர். மகாராட்டிரப் பகுதியில் மட்டும் இத்தகைய கீழ்வழிகள் ஒன்பது உள்ளன. அவற்றுள் சிறியது 50 மீட்டர் அகலமும் பெரியது 750 மீட்டர் அகலமும் உடையவை.

இனிப் படங்களைப் பார்ப்போம்.

முதற்படத்தில் விடியற்பொழுது; ஆளில்லாத நேரான சாலை; தொலைவில் செங்கதிர். கண்ணைப் பறிக்கும் படம்தான். ஆயினும், இதனை இராசத்தானத்தில் எடுத்தது என்றாலும் கருநாடகத்தில் எடுத்தது என்றாலும் எவரும் மறுக்கமாட்டார். எந்தச் சாலைக்கும் பொருந்தும் படம் இந்தச் சாலைக்கு உரியதாகாது. அதனை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது படத்தில் சாலையோரத்துப் புரசமரங்கள் இலையின்றி, தீப்பற்றியதுபோல் பூத்திருக்கின்றன. இடத்திற்கு உரிய காட்சிதான். ஆனால் புரசு பூப்பது வேனிலின் தொடக்கத்தில் சில வாரங்களே. எஞ்சிய மாதங்களில் அவ்வழியே செல்பவர் அந்தச் செந்நிறத்தைக் காணமாட்டார். மழைக்காலத்தில் அடர்ந்த பச்சை. பங்குனியில் இலையுதிர்ந்த தேக்கு. தரையெங்கும் பழுப்பு நிறச் சருகு.

பழந்தமிழர் நிலத்தைக் கண்ட முறை இங்கே நமக்குத் துணைசெய்யும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் விலங்கு, பறவை, மரம், மக்கள், தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். இம்மூன்றும் கூடியதே திணை. வெறும் மண்ணை மட்டும் அவர்கள் ‘திணை’ என்று கொள்ளவில்லை. நம் இரண்டாவது படத்தில் பொழுதும் மரமும் உள்ளன, வாழ்க்கை இல்லை.

மூன்றாவது படத்தில் வாழ்க்கை நிறைந்திருக்கிறது. விடியற்காலையில் பெண்கள் இருவர் இலுப்பை மரத்தடியில் உதிர்ந்த பூக்களைக் கூடையில் பொறுக்குகின்றனர். கோண்டு பழங்குடியினர் வாழும் இப்பகுதியில் இலுப்பைப்பூ உணவாகவும் வருவாயாகவும் பயன்படுகிறது. உண்மையைச் சொன்னால், ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுவே. எனினும் இதில் சாலை இல்லை. நடு இந்தியாவின் எந்தக் காட்டிலும் இக்காட்சியைக் காணலாம். காட்டுக்கு ஒரு படம் கேட்டிருந்தால் இதனை விட்டிருக்கமாட்டேன்.

நான்காவது படம் புலி! இரவு நேரம், பாலத்தூணின் அருகே ஒரு புலி தலையைத் திருப்பி நிற்கிறது. இதனை எடுத்தவர் எவரும் இல்லை. உயிரினத்தின் உடல்வெப்பமும் அசைவும் பட்டவுடன் தானே படமெடுக்கும் கருவி எடுத்தது அது. 2019இல் இந்திய வனவிலங்கு நிறுவனத்தினர் இத்தகைய கருவிகளை மகாராட்டிரப் பகுதியின் ஒன்பது கீழ்வழிகளிலும் பொருத்தி ஆராய்ந்தனர். 18 வகைக் காட்டுவிலங்குகள் அங்கே நடமாடியது தெரியவந்தது. புலிகள் 89 முறை பதிவாயின. அவை அனைத்தும் 11 புலிகளே என்றும் கண்டறிந்தனர். எப்படி? மனிதரின் கைரேகையைப்போல ஒவ்வொரு புலியின் வரியும் வேறுபட்டிருக்கும்.

வகுப்பில் பலர் புலிக்கே கை தூக்குவர். அதில் தவறில்லை, வழக்கு நடந்ததும் தூண்கள் எழுந்ததும் பெரிதும் புலியின் பொருட்டே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அக்கருவிகளில் மிகுதியாகப் பதிவானவை புள்ளிமான்கள், அடுத்து, காட்டுப்பன்றிகள். அரிதாக நிகழ்வதைச் சுவரில் மாட்டினால், பார்ப்பவர் அதனையே அன்றாட நிகழ்ச்சி என்று கொள்வர். மேலும், இருளில் எடுத்த அப்படத்தில் காடும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை.

ஐந்தாவது படம் சற்று மங்கலானது. மேகம் சூழ்ந்த பகல். பாலத்தின் கீழே புள்ளிமான்கள் ஆறேழு, ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கின்றன. ஒன்று மட்டும் நின்று காதை நிமிர்த்தியிருக்கிறது. பின்னணியில் தேக்கமரங்கள். மேலே, தடுப்புச்சுவருக்கு மேல், கூரைத்துணி கட்டிய ஒரு சரக்குந்தின் மேற்பகுதி தெரிகிறது. ஓட்டுநர் மான்களைக் காணவில்லை, காணவும் இயலாது. மான்களும் அவரைக் காணவில்லை.

நான் இப்படத்தையே தேர்வேன். நிலம், பொழுது, விலங்கு, மரம், தொழில் அனைத்தும் இதில் ஒருங்கே உள்ளன. உரிப்பொருள் எது என்று கேட்பீர்கள். காட்டைச் சார்ந்த நிலம் முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல். அந்நிலம் கோடையில் வறண்டால் பாலை. அதன் உரிப்பொருள் பிரிதல். பல நாள் வீட்டைப் பிரிந்து சரக்கு ஏற்றிச் செல்பவர் மேலே. இரண்டாகப் பிரிந்த காட்டைத் தம் கால்களால் இணைப்பவை கீழே. பண்டை இலக்கணம் விலங்குக்கு உரிப்பொருள் வகுக்கவில்லை என்று உங்கள் ஆசிரியர் திருத்தலாம். அவர் சொல்வது சரியே. ஆயினும் என் தேர்வு மாறாது.

படத்தைப் பலகைக்கு ஏற்பக் கத்தரிக்கும்போது கவனம் தேவை. மேற்புறத்தை வெட்டினால் அது வெறும் மான்படம் ஆகிவிடும். கீழ்ப்புறத்தை வெட்டினால் பாலத்தின் படம் ஆகிவிடும். மங்கலைப் போக்க நிறங்களை மிகைப்படுத்துவதும் வேண்டா. மழைமேகத்தின் சாம்பல்நிறம் அங்குள்ள ஆவணி மாதத்து நிறமே. படத்தின் அடியில் இடம், மாதம், காட்சி ஆகிய மூன்றையும் ஒரே தொடரில் எழுதுங்கள்: ‘பெஞ்ச் காடு, ஆவணி மாதம்: நெடுஞ்சாலையின் கீழே கடக்கும் புள்ளிமான்கள்.’

சொற்பொருள்
ஒழுக்கம் – வாழும் முறை
சருகு – உலர்ந்த இலை
சரக்குந்து – லாரி
வேனில் – வெயிற்காலம்

பயிற்சி
1. முதற்படத்தை ஆசிரியர் ஏன் ஒதுக்கினார்?
2. ஒரு புலியை மற்றொரு புலியிலிருந்து எவ்வாறு வேறுபடுத்தி அறிந்தனர்?
3. பிரித்து எழுதுக: நெடுஞ்சாலை, கருப்பொருள், செங்கதிர்.
4. ‘புலிப்படமே பொருத்தமானது’ என்று கருதும் மாணவராக உங்களை எண்ணிக்கொண்டு, ஆசிரியருக்கு மறுப்பாகப் பத்து வரிகள் எழுதுக.
5. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையில் ஒரு கிலோமீட்டர் தொலைவு நடந்து செல்க. அதற்குரிய ஒரு படத்தை எடுத்தோ வரைந்தோ, அதன் அடியில் ஒரு தொடர் எழுதுக.