உள்ளங்கையில் ஒரு பின்பால்

இளங்கலைக் கணிதம், இரண்டாம் ஆண்டு

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்குப் பங்குனி உத்திரம் என்றதும் வேலுடையான்பட்டு முருகன் கோயில் காவடிகளும் திருவிழாக் கடைகளும் நினைவுக்கு வரும். அக்கடைகளில் ஊதல், பலூன், பொம்மைத் துப்பாக்கி ஆகியவற்றுக்கு நடுவே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் தொங்கும். மேலே கண்ணாடி போன்ற மூடி. உள்ளே வரிசை வரிசையாக முளைகள். வலப்புறம் ஒரு சுருள்வில். இரண்டு மூன்று எஃகுக் குண்டுகள். வில்லை இழுத்து விட்டால் குண்டு மேலேறி, முளைகளில் மோதி மோதிக் கீழிறங்கி, எண் பொறித்த ஏதேனும் ஓர் அறையில் விழும். பெரிய விளையாட்டுக் கூடங்களில் காணப்படும் பின்பால் எந்திரத்தின் குட்டி வடிவமே இது. இந்தச் சிறு பொம்மை எனக்குக் கற்பித்த பாடத்தை இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

தோற்றமும் வளர்ச்சியும்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் 'பேகடெல்' என்னும் மேசை விளையாட்டு பரவியது. பலகையில் ஆணிகளும் குழிகளும் இருக்கும். கோலால் பந்தைத் தள்ளிக் குழியில் விழச் செய்ய வேண்டும். 1871இல் அமெரிக்காவில் குடியேறியிருந்த ஆங்கிலேயரான மான்டேகு ரெட்கிரேவ், கோலுக்குப் பதிலாகச் சுருள்வில்லைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். நம் திருவிழாப் பொம்மையில் இன்றும் இருப்பது அதே வில்தான். 1931இல் சிகாகோவில் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்னும் காசு போட்டு ஆடும் எந்திரத்தை வெளியிட்டார். அவருடைய நிறுவனமே 1947இல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் எந்திரத்தில், விழும் பந்தை மீண்டும் மேலே தட்டிவிடும் ஃபிளிப்பர் துடுப்புகளைப் பொருத்தியது.

பின்னர் இவ்விளையாட்டு மின்னணு வடிவில் கைக்குள் அடங்கியது. 1979இல் வந்த 'மைக்ரோவிஷன்' கருவியிலும், 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையிலும் பின்பால் இடம் பெற்றது. ஆயினும், மின்கலமே இல்லாத வில் பொம்மைக்கு நம் ஊர்த் திருவிழாவில் இன்னும் மதிப்புக் குறையவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் இயற்பியல்

சுருள்வில்லில் சேரும் ஆற்றல், இழுத்த தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். இருமடங்கு இழுத்தால் நான்கு மடங்கு ஆற்றல். எனவே, உராய்வைப் பொருட்படுத்தாவிட்டால், சரிந்த பலகையில் குண்டு நான்கு மடங்கு தொலைவு ஏறும். பெரிய எந்திரங்களில் பலகை ஏறத்தாழ ஆறரை பாகை சரிந்திருக்கும். அச்சரிவில் புவியீர்ப்பின் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே குண்டைக் கீழே இழுக்கிறது. அதனால்தான் குண்டு நம் கண் தொடரும் அளவுக்கு மெல்ல உருள்கிறது. எந்திரத்தைச் சாய்த்தோ உலுக்கியோ ஏமாற்ற முயன்றால் 'டில்ட்' என்று காட்டி ஆட்டம் நின்றுவிடும். கைப்பொம்மையில் அத்தகைய காவல் இல்லை. பெட்டியை எப்படிச் சாய்ப்பது என்பது ஆடுபவர் விருப்பம். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்க.

நான் இழந்த 150 ரூபாய்

நான் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த ஆண்டு அது. அடுத்த ஆண்டுக்கான கணக்கு வழிகாட்டி நூல் வாங்கும்படி அம்மா என்னிடம் 150 ரூபாய் தந்தார். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியான அப்பாவின் கூலியில் குடும்பம் நடந்தது. புத்தகச் செலவு அம்மா துணி தைத்துச் சேர்த்த பணம். அதனுடன் தம்பியையும் அழைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் பெரிய ஆணிப்பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே நடுவிலிருந்து குண்டை விட வேண்டும். ஒரு குண்டுக்குப் பத்து ரூபாய். கீழே ஒன்பது அறைகள். இரு ஓரங்களில் விழுந்தால் 500 ரூபாய், மற்றவற்றில் ஒன்றுமில்லை. "ஒன்பதில் இரண்டு அறை நமக்கு; ஐந்து முறைக்கு ஒருமுறையாவது விழாதா?" என்று கணக்கிட்டேன். பதினைந்து குண்டுகள் விட்டேன். ஒன்றும் ஓரம் போகவில்லை.

வீடு திரும்பியதும் அம்மா திட்டவில்லை. "அடுத்த மாசம் வாங்கிக்கலாம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல் எந்திரத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தம் இரவெல்லாம் கேட்டது.

கணிதம் கூறும் விடை

மறுநாள் தம்பி, தான் சேர்த்த காசில் வாங்கிய கைப்பொம்மையை ஆடிக்கொண்டிருந்தான். அதிலும் பெரிய எண்கள் ஓரங்களிலேயே இருந்தன. குண்டோ திரும்பத் திரும்ப நடுவிலேயே விழுந்தது. காரணம் என்ன? கல்லூரிக்கு வந்து ஈருறுப்புப் பரவல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

எட்டு வரிசை ஆணிகள் என்று கொள்வோம். ஒவ்வொரு வரிசையிலும் குண்டு இடம் அல்லது வலம் செல்லச் சமவாய்ப்பு உண்டு. ஆகவே மொத்த வழிகள் 2இன் எட்டாம் அடுக்கு, அதாவது 256. ஒன்பது அறைகளுக்கும் செல்லும் வழிகள் முறையே 1, 8, 28, 56, 70, 56, 28, 8, 1. இவை பாஸ்கல் முக்கோணத்தின் எண்கள். நம் நாட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஹலாயுதர், பிங்கலரின் யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் இதனை 'மேரு பிரஸ்தாரம்' என விளக்கியுள்ளார். ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் 1889இல் வெளியிட்ட நூலில், ஆணிப்பலகையைக் கொண்டே இப்பரவலை விளக்கினார்.

நடு மூன்று அறைகளுக்கு மட்டும் 182 வழிகள், நூற்றுக்கு 71. ஓரம் இரண்டுக்கும் சேர்த்து 2 வழிகள். 128 முறைக்கு ஒருமுறை. அறைகளை எண்ணிய நான், வழிகளை எண்ணவில்லை! 500 ரூபாய்ப் பரிசின் சராசரி மதிப்பு, ஒரு குண்டுக்கு 3 ரூபாய் 91 காசு மட்டுமே. பத்து ரூபாய் கொடுத்த ஒவ்வொரு முறையும் சராசரியாக ஆறு ரூபாய்க்கு மேல் இழந்தேன். பதினைந்து குண்டுகளிலும் தோற்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 89. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. ஆணிகள் என் கண்முன்னேதான் இருந்தன.

திறமையா, தற்செயலா?

இக்கேள்வி உலகெங்கும் எழுந்ததே. நியூயார்க் நகரில் 1942இல் பின்பால் சூதாட்டம் எனத் தடை செய்யப்பட்டது, எந்திரங்கள் உடைக்கப்பட்டன. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரமன்றத்தினர் முன் ஆடி, பந்து எங்குச் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லி அவ்வாறே செலுத்திக் காட்டினார். தடை நீங்கியது. பந்தை ஆளும் துடுப்புகள் வந்ததால் விளையாட்டில் திறமைக்கு இடம் பிறந்தது. நான் ஆடிய பலகையிலோ துடுப்பும் இல்லை, வில்லும் இல்லை. குண்டை விட்டபின் என் கைக்கு வேலையே இல்லை.

முடிவுரை

இன்று திருவிழாக் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. பலகை கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆணிகள் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழகச் சட்டமன்றம் 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியதன் தேவையை நான் உணர்கிறேன். ஆனால் சட்டத்துக்கு முன்பே நம்மைக் காக்கக்கூடியது, வகுப்பில் நாம் தேர்வுக்காக மட்டும் படித்து மறக்கும் அந்த ஒரு பாடம்.

தம்பியின் பொம்மை இன்றும் என் மேசையில் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் ஆடுவேன். விளையாட்டு இன்பமானது, பெட்டி நம் கையில் இருக்கும்வரை, தோற்றாலும் நட்டமில்லை. பணம் கட்டச் சொல்லும் பலகை எதைக் கண்டாலும், நண்பர்களே, முதலில் வழிகளை எண்ணுங்கள்.