ஜெனீவாவில் மோதல், மும்பையில் கணக்கு

நம்பிக்கை: உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகளை இணையத்தில் கோத்துவிட்டால் அதுதான் கிரிட்.

உண்மை: ஆர்வலர்கள் வீட்டுக் கணினியைத் தந்து உதவும் எல்எச்சி அட் ஹோம் திட்டம் 2004இலிருந்தே உண்டு. ஆனால் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி அதை நம்பி ஓடவில்லை. அதன் தரவை அலசும் கிரிட், 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்களாகப் பரந்து, எழுத்துமூல ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது. இவ்வளவு கணிப்புத் திறன், இவ்வளவு டிஸ்க், இவ்வளவு டேப் என்று ஆண்டுதோறும் மையங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வரும். ஆய்வுக் குழுக்கள் கேட்டதை எல்லாம் அப்படியே கொடுத்துவிடுவதும் இல்லை. எதற்கு இத்தனை பிரதி, யாரும் தொடாத கோப்பு டிஸ்க்கில் ஏன் கிடக்கிறது என்று துருவிக் கேட்கவே தனிக் குழு இருக்கிறது. மோதுவியில் நடக்கும் ஆய்வுகளில் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சிஎம்எஸ்ஸுக்கும், கொல்கத்தாவின் விஇசிசி அலைஸுக்கும் அடுக்கடுக்கான இந்த ஏற்பாட்டில் இரண்டாம் அடுக்கு மையங்கள்.

நம்பிக்கை: எத்தனை கணினி என்று கணக்குப் போட்டால் திட்டமிடல் முடிந்தது.

உண்மை: பழைய கோர் ஒன்றும் புதிய கோர் ஒன்றும் ஒரே வேலை செய்யாது, ஆகவே எண்ணிக்கை சொல்லிப் பயனில்லை. ஆய்வுகளின் சொந்த நிரல்களையே ஓடவிட்டுத் திறனை அளக்கும் ஹெப்ஸ்கோர்23 அதற்காகவே வந்தது. அதைவிடக் கடினமான கேள்விகள் வேறு. அதே தரவை எத்தனை முறை மறுபடி அலசப் போகிறோம்? நிஜ மோதலோடு ஒப்பிட எத்தனை கற்பனை மோதல்களை உருவாக்கப் போகிறோம்? கணிப்பு நேரத்தில் பெரும்பங்கை விழுங்குவது இந்தப் பாவனைதான். கோப்பின் வடிவமும் பணம்தான். சிஎம்எஸ்ஸில் ஒரு மோதலின் கச்சாப் பதிவு சுமார் 1 மெகாபைட். நானோஏஓடி என்ற சுருக்க வடிவில் அது ஓரிரு கிலோபைட். பாதி ஆய்வுகளுக்காவது அது போதும் என்ற இலக்கோடு வடிவமைத்தார்கள். புதிதாக ஒரு கட்டடம் நிறைய டிஸ்க் வாங்குவதைவிட இது எனக்குப் பெரிய திட்டமிடலாகப் படுகிறது.

நம்பிக்கை: டேப் காலாவதியான சமாச்சாரம்.

உண்மை: கச்சாத் தரவின் ஒரு பிரதி செர்னிலும் இன்னொன்று முதல் அடுக்கு மையங்களிலும் டேப்பில்தான் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது மின்சாரம் கேட்காது. ஆனால் ரோபோ போய் எடுத்து வர வேண்டும். நினைத்த மாத்திரத்தில் கிடைக்காது. அந்தக் காத்திருப்பையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம்பிக்கை: வரைபடம் போட்டபின் அதன்படியே ஓட வேண்டும்.

உண்மை: இந்தக் கிரிட்டின் அமைப்பை முதலில் வரைந்த, 1998இல் தொடங்கிய மொனார்க் திட்டம் அகண்ட இணைப்பை அரிய பொருளாகக் கருதியது. அதனால் தரவு மேலடுக்கிலிருந்து படிப்படியாக இறங்கும்படி அமைத்தார்கள். வலையமைப்பு எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்ததும் அந்தப் படிக்கட்டு தளர்ந்து, மையங்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசத் தொடங்கின. 2030 வாக்கில் தொடங்கவிருக்கும் மோதுவியின் உயர் ஒளிர்வுக் கட்டத்துக்கு இப்போதே ஒத்திகை நடக்கிறது: அன்று எதிர்பார்க்கும் தரவுப் போக்குவரத்தில் 10 விழுக்காட்டை 2021இல் ஓட்டிப் பார்த்தார்கள், 2024 பிப்ரவரியில் 25 விழுக்காட்டை.