சோளக்காட்டு நடுவே நான்கு வருஷம்: கிரின்னல் போகிற பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

அமெரிக்காவில் படிப்பு என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நியூயார்க்கும் சிகாகோவும்தான் கண்முன் வரும். அயோவா மாநிலத்து கிரின்னல் வேறு ரகம். ஊர் ஜனத்தொகை பத்தாயிரத்தைத் தொடாது. கல்லூரியில் 1,700 பேர் சொச்சம். சுற்றிலும் சோளம், சோயா, நடுநடுவே பன்றிப் பண்ணைகள். பெரிய இந்தியக் கடை வேண்டுமானால் டெஸ் மொய்ன் போகவேண்டும், 55 மைல். தெருமுனையில் அண்ணாச்சி கடை இல்லாத ஊரில், எதையும் ஒரு வாரம் முன்னதாக யோசிக்கப் பழகவேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

1. பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை வைக்காதீர்கள். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்று தடை செய்திருக்கிறார்கள். அம்மா துணிக்கு நடுவில் ஒளித்து வைத்தாலும் விமான நிலைய நாய் கண்டுபிடித்துவிடும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கடையில் வாங்கிய சீல் பிரிக்காத ஊறுகாய் போதும். கொண்டுபோகும் தின்பண்டங்களைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

2. நம் ஊர் மிக்ஸி அங்கே ஓடாது. அங்கே மின்சாரம் 120 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். மிக்ஸி வேண்டும் என்பவர்கள் 110 வோல்ட் மாடலை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

3. இனி தாளிப்பு விவகாரம். விடுதிச் சமையலறையில் கூரையில் இருக்கும் புகை உணரிக்கு, கடுகு வெடிப்பதும் வீடு எரிவதும் ஒன்றுதான். நான் முதல் வருஷம் ஜனவரியில், இரவு பதினொரு மணிக்கு ரசத்துக்கு மிளகாய் வற்றலைக் காய்ந்த எண்ணெயில் போட்டேன். அலாரம் அடித்தது, மூன்று மாடியும் காலியானது, தீயணைப்பு வண்டி வந்தது. அத்தனை பேரும் செருப்போடு பனியில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் கற்றுக்கொண்டது: மின் அடுப்பு சூடு தணிய நேரமாகும், ஆகவே எண்ணெய் காய்வதற்கு முன்பே கடுகைப் போட்டு, மூடி போட்டு, மிதமான சூட்டில் பொரிய விடுங்கள். வெளியேற்றி விசிறியை முதலில் போடுங்கள். வற்றலைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு. உணரியைப் பிளாஸ்டிக் பையால் மூடச் சொல்லிக் கொடுக்கும் சீனியர் பேச்சைக் கேட்காதீர்கள். அபராதம் விழும், ஆபத்தும்கூட. அறைக்குள் என்னென்ன சாதனம் வைக்கலாம் என்ற பட்டியலையும் முதல் வாரமே பார்த்துவிடுங்கள். ரைஸ் குக்கரை ஒரு கல்லூரி விடும், இன்னொன்று விடாது.

4. தயிர்: டப்பாவில் உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதாகப் போட்டிருக்கும் சாதாத் தயிர் உறைக்கு உதவும். சர்க்கரை, பழம் கலந்தது வேண்டாம். கொழுப்பு நீக்காத பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றி, ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு அதற்குள் ராத்திரி முழுக்க வையுங்கள். கதவில் "தொடாதீர்" என்று சீட்டு ஒட்ட மறந்தால், யாராவது பீட்சா சுட ஓவனைச் சூடேற்றிவிடுவார்கள். அனுபவம்.

5. தேங்காய் எண்ணெயை வாயகன்ற டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலோடு காலையில் மல்லுக்கட்ட முடியாது.

6. குளிர்காலக் கோட்டை இங்கே வாங்கிச் சுமக்காதீர்கள். ஆகஸ்டில் நீங்கள் போய் இறங்கும்போது அயோவா சென்னை மாதிரியே புழுங்கும். அக்டோபருக்குள் அங்கேயே வாங்குங்கள். பழைய துணிக் கடைகளிலும், படிப்பு முடித்துப் போகும் சீனியர்களிடமும் நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும். பணத்தைக் கோட்டில் மிச்சம் பிடித்துக் காலணியில் போடுங்கள். மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் இரவுகள் உண்டு, போதாததற்குச் சமவெளிக் காற்று வேறு. தலைக்குக் குளித்தால் நன்றாகக் காய்ந்த பிறகே வெளியே போங்கள். இல்லாவிட்டால் முடி குச்சியாக உறையும். பனிக்கட்டிமேல் கையைப் பையில் விட்டுக்கொண்டு நடக்காமல், வாத்து மாதிரி சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

7. ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். துவைத்த துண்டை அறையிலேயே உலர்த்துங்கள். துண்டும் காயும், காற்றும் ஈரப்படும்.

8. உலர்த்தும் இயந்திரத்தில் பருத்திக் குர்தாவைப் போட்டால் தம்பிக்குத்தான் ஆகும். குறைந்த சூடு, அல்லது கொடி. போடுவதற்கு முன் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், அடைத்துக்கொண்டால் தீப்பிடிக்கும்.

9. ஃபாரன்ஹீட்டுக்குக் குறுக்கு வழி: 30ஐக் கழித்துப் பாதியாக்குங்கள், கிட்டத்தட்ட செல்சியஸ் வந்துவிடும். 32 என்றால் தண்ணீர் உறையும். உடம்புச் சூடு 100.4 தாண்டினால் காய்ச்சல். தேதியில் மாதம் முதலில் வரும்; 3/4 என்பது மார்ச் 4.

10. பாராசிட்டமால் என்று கேட்டால் முழிப்பார்கள். அங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். சளிக்கான இரவு மருந்துகள் பலவற்றிலும் அதே சரக்கு இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரலுக்குக் கேடு, அட்டையைப் படியுங்கள். ஆன்டிபயாட்டிக் மாத்திரை டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்காது. சாதாரண உபாதைக்குக் கல்லூரி மருத்துவ மையம் அல்லது முன்பதிவு இல்லாமல் பார்க்கும் சிறு கிளினிக் போதும். அவசரப் பிரிவுக்குப் போனால் காப்பீடு இருந்தும் பில் மயக்கம் தரும். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் பில்லை நினைக்காமல் 911ஐக் கூப்பிடுங்கள்.

11. கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேராது. அயோவாவில் 6 சதவீதம், பல ஊர்களில் மேலும் 1. சமைக்காத மளிகைச் சாமான்களுக்கு வரி இல்லை. வெளியில் தின்பதைக் குறைக்க இதுவும் ஒரு காரணம்.

12. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்துக்குக் கூப்பிட்டால் எலுமிச்சைச் சாதம் ராஜா. ஆனால் பக்கத்தில் "வேர்க்கடலை இருக்கிறது" என்று சீட்டு வையுங்கள். கடலை ஒவ்வாமை அங்கே உயிர் போகிற சமாசாரம்.

13. பேராசிரியர்கள் மாணவர்களைப் பார்ப்பதற்கென்று வாரத்தில் சில மணி நேரம் அறைக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். நம் பிள்ளைகள் ஃபெயிலானால்தான் போகவேண்டும் என்று நினைக்கிறார்கள். சின்னக் கல்லூரிக்கு இத்தனை பணம் கட்டுவதே இதற்காகத்தான். இரண்டாவது வாரமே போய் உட்காருங்கள். இன்டெலைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் இங்கே படித்தபோது, 1948இல் விடுதி விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றி திருடி மாட்டிக்கொண்டார். கல்லூரியை விட்டே விரட்டாமல் ஒரு பருவ இடைநீக்கத்தோடு விட்டதற்கு, அவரை நன்றாக அறிந்த இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல் பரிந்து நின்றதும் காரணம். நாய்ஸ் திரும்பி வந்து 1949இல் பட்டம் வாங்கினார். பன்றி திருடச் சொல்லவில்லை, உங்களைத் தெரிந்த ஒரு பேராசிரியராவது இருக்கட்டும் என்கிறேன்.

14. எஃப்-1 விசாவில் பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அனுமதியில்லாமல் வெளியே, ரொக்கத்துக்குக் குழந்தை பார்த்துக்கொள்வதுகூட விதிமீறல். சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் இருந்தால் கேளுங்கள். முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்குப் பொதுவாக அந்தப் பிடித்தம் கிடையாது. ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் வரித் துறைக்கு 8843 படிவம் அனுப்பவேண்டும். சம்பாதித்திருந்தால், வெளிநாட்டவருக்கான கணக்கைத்தான் போடவேண்டும். அமெரிக்க நண்பன் பயன்படுத்தும் மென்பொருளைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி இந்திய மாணவர்களுக்கு நிலையான கழிவும் உண்டு, விட்டுவிடாதீர்கள்.

15. ஊருக்கு வரும் டிக்கெட் போடுமுன் ஐ-20 தாளின் பயணக் கையெழுத்தைப் பாருங்கள். படிக்கும்போது ஒரு வருஷம்தான் செல்லும். அறை மாறினால் 10 நாளுக்குள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். "குடிவரவு அதிகாரி பேசுகிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எந்த அதிகாரியும் அப்படிக் கேட்கமாட்டார்.

16. நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங். அதையொட்டியும் டிசம்பர் விடுமுறையிலும் சாப்பாட்டுக்கூடம் மூடும், ஊரே அடங்கிவிடும். இரண்டு வாரம் முன்பே அரிசி பருப்பு வாங்கி வையுங்கள். யாராவது குடும்பம் வீட்டுக்கு அழைத்தால் கூச்சப்படாமல் போங்கள். மாமிசம் சாப்பிடமாட்டீர்கள் என்றால் அழைத்த அன்றே சொல்லிவிடுங்கள். வான்கோழியை அறுக்கும் நேரத்தில் சொன்னால் அந்த அம்மாள் தவித்துப்போவார்.

17. வளாகத்தின் ஊடாக ரயில் பாதை போகிறது. சரக்கு வண்டி, மெதுவாகத்தான் போகும். பரீட்சை நாளில் பத்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள்.

18. சைரன் ஊதினால் சூறாவளி எச்சரிக்கை. ஜன்னலில் நின்று வீடியோ எடுக்காமல் அடித்தளத்துக்கு, ஜன்னலில்லாத அறைக்குப் போங்கள். மாதமொருமுறை சோதனைக்கும் ஊதுவார்கள். அது எந்த நாள், எந்த நேரம் என்று வந்ததும் விசாரித்து வையுங்கள்.

19. மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வரும். வீட்டிலும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அம்மா ஒரு மணி நேரம் தவித்துப்போவார். அங்கே இரவு 9 மணிக்குப் போன் போட்டால் கோடையில் இங்கே காலை 7:30, குளிர்காலத்தில் 8:30. ஏழரைக்கு அப்பா கையில் பேப்பர் இருக்கும், போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். எட்டரைக்கு அதைப் படித்து முடித்திருப்பார்.