வெள்ளைக் காலணியும் மஞ்சள் கறையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செருப்பணிந்து நுழையக் கூடாது என்பது நாமனைவரும் அறிந்த விதி. தேசிய மாணவர் படை அணிவகுப்பிற்கும் விளையாட்டுத் திடலுக்கும் மூடிய காலணி வேண்டும். நல்ல பெயருள்ள ஸ்னீக்கர் ஒரு ஜோடியின் விலையோ ஆயிரங்களில் இருக்கிறது. ஆகவே நம்மில் பலர் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் பல்லாவரம் சந்தைக்குச் சென்று பழைய காலணி வாங்குகிறோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நான் அணிந்திருப்பது அங்கே இருநூறு ரூபாய்க்கு வாங்கியதுதான். தையல் பிரியவில்லை, அடிப்பாகம் தேயவில்லை. ஆனால் ஓரத்து ரப்பர் முழுவதும் பழைய செய்தித்தாளைப் போல் மஞ்சளாகிக் கிடந்தது. முதல் உரிமையாளர் அதைக் கழித்துவிட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது, அதைப் போக்க முடியுமா என்ற இரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

அழுக்கு வேறு, மஞ்சள் வேறு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அழுக்கு என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிய பொருள். சோப்பு நுரையும் பழைய பல்துலக்கியும் போதும், அது போய்விடும். மஞ்சளோ வெளியிலிருந்து வந்ததன்று. காலணியின் பொருளே மாறிப்போனதன் அடையாளம். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பவர்கள் ரப்பரைத்தான் தேய்க்கிறார்கள், மஞ்சளையல்ல.

இயற்கை ரப்பர் ஒரு நீண்ட பல்லுறுப்பிச் சங்கிலி. அதில் ஐந்து கார்பனுக்கு ஒரு முறை ஓர் இரட்டைப் பிணைப்பு வரும். 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதி பெறுவதைக் கண்டார். சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலமிடுகிறது. ஆயினும் எல்லா இரட்டைப் பிணைப்புகளும் தீர்ந்துவிடுவதில்லை. மிஞ்சியவற்றைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் தாக்குகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் இவ்வினையைத் துரிதப்படுத்துகிறது. சங்கிலியில் கார்பனைல் தொகுதிகள் தோன்றுகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக அமைந்தால் அவை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. நீலம் குறைந்த வெள்ளொளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

மோட்டார் வாகனங்களின் டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று சிறு வயதில் நான் கேட்டதுண்டு. அதில் கலந்துள்ள கரித்தூள் டயருக்கு வலுவூட்டுவதோடு புற ஊதாக் கதிரைத் தானே உறிஞ்சி ரப்பரைக் காக்கிறது. வெள்ளைக் காலணிக்கு அந்தக் கவசம் இல்லை. அதில் கரித்தூளுக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. வெண்மையின் விலை அது.

பசைகளும் மஞ்சளாவதுண்டு. பாலியூரித்தேன் வகைப் பசையில் பென்சீன் வளையம் இருந்தால், அது வெயிலில் குயினோன் போன்ற அமைப்பாக மாறி நிறம் கொள்கிறது. தையலோரத்தில் மட்டும் மஞ்சள் கோடு ஓடினால் குற்றவாளி பசையே என்று கொள்ளலாம்.

இனி எங்கள் ஊரின் பங்கு. கேளம்பாக்கத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி உப்பளங்கள் இருப்பதைப் பழைய மாமல்லபுரம் சாலையில் சென்றவர்கள் கண்டிருப்பர். கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. பல தெருக்களில் கிணற்று நீரும் உவர்ப்பே. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். மழைக்காலத்தில் உப்புச் சாடியில் நாம் காண்பது இதுவே. காலணித் துணியில் உப்புப் படிந்தால் அது முழுதும் உலர்வதேயில்லை. கயிறு கோக்கும் இரும்பு வளையங்கள் துருப்பிடித்துச் செம்பழுப்புக் கறை விடுகின்றன. கடின நீரில் சோப்பு போட்டாலோ நுரைக்குப் பதில் திரி திரியாகக் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வீழ்படிவாகின்றன. அவ்வீழ்படிவு துணி இழையில் தங்கி நாளடைவில் மங்கல் நிறம் தருகிறது. எனவே எங்கள் பக்கத்தில் காலணி கழுவச் சோப்பைவிடச் சலவைத்தூளே ஏற்றது. அது கடின நீரில் அவ்வாறு திரிவதில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ லாரித் தண்ணீரோ ஒதுக்குங்கள்.

கழுவிய கான்வாஸ் காலணி உலர்ந்தபின் ஓரங்களில் மஞ்சள் வளையம் விழுவதைப் பலர் கண்டு மனம் வெதும்பியிருப்பர். உலரும்போது நீர் நுண்புழைகள் வழியே விளிம்பை நோக்கி நகர்கிறது. அலசாமல் விட்ட காரமும் அழுக்கும் அதனுடன் பயணம் செய்து, நீர் ஆவியாகுமிடத்தில் தங்கிவிடுகின்றன. நிறத்தாள் வரைவியலில் மை பிரிவதும் இப்படித்தானே? பரிகாரமும் அதிலேயே உள்ளது. ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி வினிகரோ அரை எலுமிச்சைச் சாறோ கலந்து கடைசியாக அலசினால் எஞ்சிய காரம் நடுநிலையாகும். பின்பு அச்சில்லாத வெள்ளைத் தாளைக் காலணி மேல் சுற்றி நிழலில் வையுங்கள். கறை தாளின் விளிம்புக்குச் செல்லும், காலணியில் தங்காது. செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும்.

ரப்பரின் மஞ்சளுக்கு வருவோம். அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடே தக்க மருந்து. பிரெஞ்சு வேதியியலார் தெனார் 1818-ல் இதைக் கண்டுபிடித்தார். புட்டியில் '20 கன அளவு' என்று அச்சிட்டிருப்பதன் பொருள் நம் பாடத்தில் உள்ளது: ஒரு லிட்டர் கரைசல் சிதைந்தால் திட்ட வெப்ப அழுத்த நிலையில் 20 லிட்டர் ஆக்சிஜன் தரும். அது ஏறத்தாழ 6 விழுக்காட்டுக் கரைசல். ஒரு லிட்டரில் 60 கிராம், அதாவது 1.76 மோல், பாதியளவு ஆக்சிஜன் 0.88 மோல், 22.4-ஆல் பெருக்கினால் 19.7 லிட்டர். கணக்குச் சரியாக வருவதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி தேர்வறையில்கூட ஏற்பட்டதில்லை.

பெராக்சைடு, நிறம் தரும் இரட்டைப் பிணைப்பு வரிசையை உடைக்கிறது. வரிசை உடைந்தால் நீல ஒளி உறிஞ்சப்படுவதில்லை, மஞ்சள் மறைகிறது. சற்றுக் காரம் சேர்த்தால் வெளுக்கும் திறனுடைய பெர்ஹைட்ராக்சில் அயனி பெருகும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா இதற்குப் போதும். புற ஊதாக் கதிர் பட்டால் இரு ஆக்சிஜன்களுக்கு இடையிலுள்ள பலவீனமான பிணைப்பு பிளந்து இன்னும் வீரியமான தனி உறுப்புகள் தோன்றும்.

இங்கே என் தாத்தாவைப் பற்றிக் கூற வேண்டும். அவர் வெளுப்புத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அவர் பள்ளி வாசலையும் அறியாதவர். உவர் மண் கரைத்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி இரவெல்லாம் ஆவி காட்டுவார்கள். உவர் மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், நம் ஆய்வுக்கூடத்துச் சலவைச் சோடாவேதான். காலையில் அடித்துத் துவைத்து வெயிலில் விரித்து, உலர உலர நீர் தெளிப்பார்களாம். நான் பெராக்சைடு தடவிய காலணியை வெயிலில் வைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்தபோது அவர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரத்தோட வெயில் பட்டாத்தான்டா வெளுக்கும். காஞ்சப்புறம் பட்டா பழுத்துப்பூடும்" என்றார். பெராக்சைடு காய்ந்துவிட்டால் வெளுப்பு வினை நின்றுபோகும். வெறும் புற ஊதாக் கதிர் ரப்பரை மீண்டும் ஆக்சிஜனேற்றம் செய்யும். நான் இரு பருவங்களில் கற்றதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வெள்ளாவி என்ற சொல்லைக் கேட்டால் வகுப்பில் சிலர் சிரிக்கிறார்கள். அது காரமும் வெப்பமும் ஈரமும் ஒளியும் கணக்கறிந்து சேர்த்த தொழில்நுட்பம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெராக்சைடு நீர்போல் ஓடுவதால் ரப்பர் ஓரத்தில் நில்லாது. அதற்கும் தாத்தாவின் பொருளே உதவியது: கஞ்சி. அரிசி மாவைக் கெட்டியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, அதனுடன் சம அளவு பெராக்சைடும் ஆப்பசோடாவும் கலந்தேன். சூடாக இருக்கும்போது கலந்தால் பெராக்சைடு சிதைந்துவிடும். கலவையைத் தூரிகையால் ரப்பரில் மட்டும் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றினேன். வலக்கால் காலணியை வெயிலில் வைத்தேன். இடக்கால் காலணியின் முன்பாதிக்கு அதே கலவையைப் பூசி நிழலில் வைத்தேன். பின்பாதிக்கு வெறும் கஞ்சி. ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையாகாது என்று எங்கள் விரிவுரையாளர் கூறுவதுண்டு. ஒரு மணிக்கு ஒரு முறை கலவையை மாற்றினேன். நான்கு மணி நேரத்தில் வலக்கால் ரப்பர் பால்போல் ஆகவில்லை என்றாலும் தயிர்போல் ஆயிற்று. நிழலில் இருந்தது சற்றே வெளிறியது. வெறும் கஞ்சி பூசிய பகுதியில் மாற்றமேயில்லை. மறுநாள் இடக்காலையும் வெயிலில் வைத்து இரண்டையும் ஒப்பாக்கினேன்.

கையுறை அணிவது கட்டாயம். பெராக்சைடு பட்ட விரல் வெண்மையாகி எரியும். நிறமுள்ள துணியில் சிந்தினால் அந்த இடம் வெளுத்துவிடும். கலந்த கலவையைப் புட்டியில் அடைத்து மூடாதீர்கள். ஆக்சிஜன் வெளிப்பட்டுப் புட்டி வெடிக்கலாம். துருக்கறை உள்ள துணியில் பெராக்சைடு படவே கூடாது. இரும்பு அயனி அதை மளமளவென்று சிதைக்க, பிறக்கும் தனி உறுப்புகள் பருத்தி இழையை அரித்து ஓட்டையிட்டுவிடும். முதலில் எலுமிச்சைச் சாற்றால் துருவை நீக்குங்கள். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிணைத்துக் கரைத்துக்கொள்கிறது. பித்தளைக் குடத்துக்குப் போடும் புளியும் அமிலமே, ஆனால் அதன் நிறம் வெள்ளைத் துணிக்குப் புதிய கறையாகும்.

பிளீச்சிங் பவுடர் போட்டால் என்ன என்று பலர் கேட்கின்றனர். அது குளோரின் சேர்மம். நைலானையும் மீள் இழையையும் அதுவே மஞ்சளாக்கும், பருத்தியை நைந்துபோகச் செய்யும். கழிவறை கழுவும் அமிலத்துடன் அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இதில் விளையாட்டு வேண்டாம்.

வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து பொங்கவிடும் யோசனை இன்னொன்று. பொங்குவது கண்ணுக்கு அழகு. ஆனால் 100 மில்லி லிட்டர் வினிகரிலுள்ள 5 கிராம் அசெட்டிக் அமிலத்தை 7 கிராம் ஆப்பசோடா முழுதும் நடுநிலையாக்கிவிடும். மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் கரைந்த தண்ணீர். அமிலமும் போயிற்று, காரமும் போயிற்று! பற்பசை ரப்பர் ஓரத்து அழுக்கை உராய்ந்து எடுக்கும், அவ்வளவே. பல்பொடி எனில் ரோஸ் நிறமில்லாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணிப் பகுதிக்குச் சொட்டு நீலம் நல்லது. அது எதையும் வெளுப்பதில்லை. மஞ்சளுக்கு எதிர்நிறமான நீலத்தை ஏற்றிக் கண்ணை ஏமாற்றுகிறது. ஒரு வாளிக்கு இரண்டு மூன்று துளிகள் போதும். கூடினால் திட்டுத் திட்டாகும்.

வெளுத்த ரப்பர் அப்படியே நிலைக்குமா? நிலைக்காது. உடைந்த சங்கிலிகள் உடைந்தவையே. பெராக்சைடு நிறத்தைத்தான் போக்கியது, ரப்பரின் முதுமையைப் போக்கவில்லை. என் காலணி ஐந்து மாதத்தில் மீண்டும் லேசாக மஞ்சள் காட்டத் தொடங்கியது. உப்பை ஈரத்துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில், காற்றோட்டமுள்ள துணிப்பையில் வைத்தால் தாமதமாகும். பாலித்தீன் பையில் கட்டிவைப்பது நல்லதன்று. ஈரம் உள்ளேயே தங்கும். பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் சில காப்புப் பொருள்கள் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வினைபுரிந்து மஞ்சளூட்டுவதும் உண்டு.

சந்தையில் வாங்கச் செல்லும் நண்பர்களுக்கு ஒன்று. மஞ்சளைக் கண்டு அஞ்ச வேண்டாம். விலை குறைவதற்கு அது நல்ல காரணம். ஆனால் அடிப்பாகத்துக்கு மேலுள்ள மென்மையான நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது பாலியூரித்தேன் நுரையாக இருந்து பல ஆண்டுகள் கிடந்திருந்தால், காற்றின் ஈரமே அதை நீராற்பகுத்திருக்கும். புதிய வெள்ளை போலத் தோன்றினாலும் நகம் பட்டால் பழைய சுண்ணாம்புச் சுவர் போல உதிரும். பத்து நாள் நடந்தால் அடி கழன்றுவிடும். அழுத்திய இடம் துள்ளி மீண்டும் எழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் முறைப்பார். அழுத்திப் பார்த்தே வாங்குங்கள்.