பக்க ஓரத்தில் எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்துவிட்டேன். ஹாஸ்டல் செலவில் மிச்சம் பிடித்த 8,000 ரூபாயில் ஒரு டெலஸ்கோப் வாங்கலாமா, கூடவே எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டாய். அந்த வரிசையைத் திருப்பிப் போடு. முதலில் புத்தகம், அப்புறம் ஒரு பைனாகுலர். டெலஸ்கோப் அடுத்த வருஷம் போதும்.

நான் செய்த தவறு உனக்கு வேண்டாம். 1994-இல் தீபாவளி போனஸ் வந்த கையோடு ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். 60 மில்லிமீட்டர் கண்ணாடி. பெட்டியின் மேல் 525 மடங்கு பெரிதாக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குவரைதான் உருவம் தெளிவாக நிற்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் என் குழாயின் எல்லை 120. முக்காலியோ, விரல் பட்டாலே நடுங்கி அடங்க அரை நிமிஷம் பிடிக்கும். மூன்றே மாதத்தில் அது பரணுக்குப் போய்விட்டது. குழாயை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நிலாவையும் விடிவெள்ளியையும் தவிர வானத்தில் எதையும் பெயர் சொல்லிக் காட்டத் தெரியாதவனாக நான் இருந்தேன். எங்கே திருப்புவது என்று தெரியாதவனுக்கு எந்தக் கருவியும் வழி சொல்லாது.

மறு வருஷம் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'நைட்வாட்ச்' கிடைத்தது. கனடாக்காரர் டெரன்ஸ் டிக்கின்சன் எழுதியது, முதலில் 1983-இல் வந்தது. சுருள்கம்பிக் கட்டு என்பதால் திறந்து வைத்தால் அப்படியே விரிந்து கிடக்கும். ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பென்சிலும் வைத்திருப்பவனுக்கு அதன் அருமை தெரியும். அதை நான் வேலை பார்த்த மில்லுக்கே எடுத்துப்போவேன். மார்கழியில் ஒரு நாள், இரண்டாவது ஷிப்டு முடிந்து நள்ளிரவில் சைக்கிளில் வரும்போது, நம் களத்து மேட்டில் நிறுத்திப் படத்தைப் பிரித்தேன். படத்தில் நட்சத்திரக் கூட்டமான ஓரியன் தெற்கே, பாதி உயரத்தில், இடுப்புவாருடன் நிமிர்ந்து நிற்கிறான். நான் தெற்கே பார்க்கிறேன், அங்கே இல்லை. கிழக்கிலும் இல்லை. கழுத்து வலித்துத் துண்டை விரித்துப் படுத்தபோதுதான் கண்டேன். என் நெற்றிக்கு நேர் மேலே, உச்சியில் இருந்தான்.

புத்தகம் பொய் சொல்லவில்லை. அது கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்களுக்காக, 40 டிகிரி வட அட்சரேகையைச் சுற்றிய வானத்துக்காக எழுதப்பட்டது. நம் தேனி 10 டிகிரியில் இருக்கிறது, நீ இருக்கும் சென்னை 13-இல். அன்றிரவே அந்தப் பக்கத்தின் ஓரத்தில், "நமக்கு உச்சியில்" என்று எழுதினேன். ஓரியனின் சிவந்த தோள் பெட்டல்ஜூஸ்தான் நம் திருவாதிரை என்று பின்னால் தெரிந்துகொண்டபோது அதையும் எழுதினேன். உன் பாட்டி கிண்டிய திருவாதிரைக் களியை முப்பது வருஷம் தின்றிருக்கிறேன், பாப்பா. அந்த நட்சத்திரம் எது என்று ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அது தெரிந்த அன்று மறுபடி களத்தில் படுத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் உனக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் இதில் அடங்கும். வானத்தைப் பற்றிய நல்ல புத்தகங்களில் பெரும்பாலானவை வேறு ஊர்க்காரர்களின் வானத்துக்காக எழுதப்பட்டவை. அவற்றை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், பார்த்துப் பார்த்துத் திருத்தவேண்டும். அலமாரியில் பத்துப் புத்தகம் அழுக்குப்படாமல் இருப்பதைவிட, பனியில் நனைந்து, ஓரமெல்லாம் உன் எழுத்து நிறைந்த ஒன்று மேல்.

எதையெல்லாம் திருத்தவேண்டியிருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். சப்தரிஷி மண்டலம் ஆண்டு முழுக்க அடிவானத்துக்குக் கீழே இறங்காது என்று படிப்பாய். நமக்கு அது மறையும், ஐப்பசி கார்த்திகை முன்னிரவுகளில் தேடினால் கிடைக்காது. துருவ நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்க்கச் சொல்வார்கள். நம் ஊரில் அது வடக்கு அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரம்தான். கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய 10 டிகிரி, அந்த அளவு. எதிரே தென்னந்தோப்பு இருந்தால் போச்சு. கோடைகாலப் பால்வீதியை ஜூலை, ஆகஸ்ட்டில் ரசிக்கச் சொல்வார்கள். நமக்கு அது தென்மேற்குப் பருவமழையின் மேகங்களோடு மல்லுக்கட்டும் காலம். வடகிழக்கு மழை ஓய்ந்த தையிலிருந்து பங்குனிவரைதான் நம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். கடையில் சுழல் வரைபடம் வாங்கினால் எந்த அட்சரேகைக்கானது என்று பார்த்து வாங்கு. 40 டிகிரிக்குச் செய்தது நமக்கு உதவாது.

இழப்பு நமக்கில்லை என்பதையும் சொல்லவேண்டும். அகத்திய நட்சத்திரம், ஆங்கிலப் புத்தகங்களில் கனோபஸ் என்பது, இரவு வானத்து நட்சத்திரங்களில் சிரியஸுக்கு அடுத்த ஒளி. லண்டனில் பிறந்து வளர்ந்தவன் ஊரைவிட்டுத் தெற்கே வந்தால்தான் அதைப் பார்க்க முடியும். நாம் மாசி மாதம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் தெற்கே திரும்பினால் போதும். தென் சிலுவை, ஆல்ஃபா சென்டாரி, ஒமேகா சென்டாரி எல்லாமே சித்திரை வைகாசி இரவுகளில் நமக்குக் கிடைக்கும். ஒமேகா சென்டாரி ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரம் சேர்ந்த உருண்டைக் கொத்து. பைனாகுலரில் பஞ்சுத் திரள் மாதிரி தெரியும். வடக்கத்திப் புத்தகங்கள் பல அதை அரைப் பத்தியில் தாண்டிவிடும்.

சென்னையிலிருந்து இந்தத் தென்வானத்தைப் பார்த்துப் பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார், சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1867-இல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று பெயர். அது தென்வானத்தில் வெகு கீழே இருப்பது, ஐரோப்பாவின் வானாய்வகங்களுக்கு எட்டாதது. 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, அதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியவைக்க ஒரு சிறு நூலும் எழுதினார், ஒரு பண்டிதரும் ஒரு சித்தாந்தியும் பேசிக்கொள்கிற மாதிரி. ஆங்கிலத்தோடு நிற்காமல் நம் நாட்டு மொழிகளிலும் அது வந்தது. உன் ஹாஸ்டலிலிருந்து நுங்கம்பாக்கம் பஸ்ஸில் போகிற தூரம்தானே. அந்தப் பக்கம் போகும்போது அவரை நினைத்துக்கொள்.

அடுத்து நீ வாங்கவேண்டியது 'டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்'. 1989-இல் கை கன்சோல்மாக்னோவும் டான் டேவிஸும் எழுதியது. கன்சோல்மாக்னோ கோள்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பிறகு இயேசு சபையில் சேர்ந்து, வாடிகன் வானாய்வகத்துக்கே இயக்குநரானவர். அவருக்கே ஒரு சின்ன டெலஸ்கோப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று டேவிஸ் பக்கத்தில் நின்று காட்டவேண்டியிருந்தது. அப்படி ஒரு நண்பர் கூட நிற்பதுபோலவே புத்தகத்தை எழுதினார்கள். இன்னும் முக்கியமானது அதன் படங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வட்டம் போட்டு, சின்ன டெலஸ்கோப்பில் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்திருப்பார்கள். மற்ற புத்தகங்களில் ஊதாவும் சிவப்புமாகப் பளபளக்கும் நெபுலாக்கள் கேமரா பல மணி நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் சக்தி குறைந்துவிடும். 25 லட்சம் ஒளியாண்டு தூரத்து ஆண்ட்ரோமீடா நமக்குச் சாம்பல் பூத்த ஒரு கறையாகத்தான் தெரியும். வண்ணப்படத்தை நம்பிப் போகிறவர்கள் முதல் இரவிலேயே மனம் ஒடிந்து விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படி மனம் ஒடிந்தவன்தான். அந்தக் கறையைக் கறையாகவே வரைந்து காட்டிய நேர்மைக்காகவே இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை. பின்னால் வந்த பதிப்புகளில் தென்வானத்துக்கும் பக்கங்கள் சேர்த்திருக்கிறார்கள், அதனால் புதியதாகவே வாங்கு.

நட்சத்திரக் கூட்டங்களின் உருவம் மனதில் நிற்கவில்லை என்றால் எச். ஏ. ரே எழுதிய 'த ஸ்டார்ஸ்' பார். 1952 புத்தகம். குரங்குக் குட்டி ஜார்ஜ் கதைகளை எழுதி வரைந்தவர்தான் அவர். புள்ளிகளை அவர் கோடிழுத்துச் சேர்த்த விதத்தில் சிங்கம் சிங்கமாகவே தெரியும்.

பழைய பதிப்பு கிடைத்தாலும் தயங்காதே. கோள்கள் எந்த மாதம் எங்கே இருக்கும் என்ற அட்டவணையும், சனிக்கு எத்தனை நிலா என்ற எண்ணும்தான் பழசாகும். நட்சத்திர வரைபடம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. பூமியின் அச்சுத் தள்ளாட்டத்தால் 72 வருஷத்துக்கு ஒரு டிகிரிதான் நகரும். வாங்கும் முன் கன்னிமாரா நூலகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் தேடிப்பார். நான் இத்தனையும் கற்றது கிளை நூலக அட்டையை வைத்துத்தான்.

இனி நான் சொல்லும் புத்தகத்தில் வரைபடமும் அட்டவணையும் தேடாதே. ஒரு மனிதனின் வாழ்க்கைதான் அதில் இருக்கிறது. 'ஸ்டார்லைட் நைட்ஸ்', 1965-இல் வந்தது. எழுதிய லெஸ்லி பெல்டியர் ஓஹையோ மாநிலத்து விவசாயி மகன். பதின்ம வயதில் ஒரு மே மாத இரவு வானத்தைப் பார்த்தவருக்கு, இத்தனை நட்சத்திரத்தில் ஒன்றைக்கூடத் தெரியவில்லையே என்று உறைத்தது. ஊர் நூலகத்தில் மார்த்தா எவன்ஸ் மார்ட்டினின் 'த ஃப்ரெண்ட்லி ஸ்டார்ஸ்' புத்தகத்தை எடுத்துவந்தார். முதலில் வேகா. அதை அடையாளம் கண்டபின் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது. பிறகு தோட்டத்தில் 900 குவார்ட் ஸ்ட்ராபெரி பறித்தார். குவார்ட்டுக்கு இரண்டு சென்ட் கூலி. சேர்ந்த 18 டாலரில் இரண்டு அங்குல டெலஸ்கோப் வாங்கினார். 1918-இலிருந்து 1980-இல் இறக்கும்வரை, ஒளி மாறும் நட்சத்திரங்களை 1,32,000 தடவை பார்த்துக் குறித்து, அமெரிக்காவில் இதற்கென்றே இருக்கும் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். 12 வால்மீன்களைக் கண்டுபிடித்தார். முதலில் புத்தகம், அப்புறம் டெலஸ்கோப் என்று நான் அடம்பிடிப்பதற்கு அவர்தான் காரணம்.

அதே சங்கத்துக்கு அன்றைய வங்காளத்தின் ஜெசூரிலிருந்தும் ஒருவர் அனுப்பிக்கொண்டிருந்தார். ராதா கோவிந்த சந்திரா, கருவூல ஊழியர். 37,000-க்கு மேற்பட்ட குறிப்புகள். சங்கமே அவருக்கு ஆறு அங்குல டெலஸ்கோப்பைக் கடலில் அனுப்பிக் கொடுத்தது. ஆராய்ச்சியாளர் என்று யாரும் இவர்களுக்கு நியமன உத்தரவு தரவில்லை. நேரத்தையும் பார்த்ததையும் அன்றன்றே எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்புகள் விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டன.

ஆகவே ஒரு நோட்டும் வாங்கு, 40 பக்க நோட்டு போதும். நாள், மணி, இடம், என்ன பார்த்தாய், மேகம் இருந்ததா. அழகாக எழுதவேண்டியதில்லை. டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டு. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். இடையில் ஒரு தடவை போனைத் திறந்தாலும் மறுபடி முதலிலிருந்து. மாடிக்குத் தனியாகப் போகாதே, அறைத் தோழியைக் கூட்டிக்கொள்.

ஹாஸ்டல் சுவரில் நாட்காட்டி இருக்கிறதா? தினத்தாளில் அன்றைய நட்சத்திரம் போட்டிருக்கும். நிலா அன்று வானத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் அது. ரோகிணி என்று போட்ட இரவில் நிலாவுக்கு அருகில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தெரியும், அதுதான் ஆல்டெபரான். மகத்தன்று ரெகுலஸ், சித்திரையன்று ஸ்பைகா. சுவாதி, திருவாதிரை போன்றவை நிலாவின் பாதையைவிட்டு விலகியவை, அவற்றை வரைபடத்தில்தான் பிடிக்கவேண்டும். இது எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. என் 'நைட்வாட்ச்' பின்னட்டையின் உள்பக்கம் 27 பெயரையும் எழுதி, தெரிந்தவரை ஆங்கிலப் பெயரையும் நேரே போட்டிருக்கிறேன்.

அந்தப் பிரதியை உனக்கே அனுப்புகிறேன். எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபிறகு பென்சில் எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது. 8,000 ரூபாயில் 10x50 பைனாகுலரும் 'டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்' புத்தகமும் வாங்கு, மிச்சம் இருந்தால் பத்திரமாக வை. புத்தகத்தை இரண்டு மடிப்பு பாலித்தீனில் சுற்றி, இந்தக் கடிதத்தையும் உள்ளே வைத்து, உன் அப்பா சென்னை வரும்போது கொடுத்துவிடுகிறேன். பிரிக்கும்போது பார்த்துப் பிரி, ஏப்ரல் மாத வரைபடம் ஏற்கெனவே கம்பியிலிருந்து கழன்று தனியாக இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா